கணுக்காலில் ஒரு குழி

பூண்டி மாதா கோயிலிலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் வெறுங்காலில் நடந்தவனுக்குக் கால் வீங்காமல் வேறென்ன ஆகும்?

செபஸ்தியம்மாள் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தார் விசா வந்தால் மகன் நடந்து வருவான் என்று அவள் மாதாவிடம் நேர்ந்துகொண்டதும், கேட்டபடியே விசா வந்ததும், ரெமிஜியஸ் காவி வேட்டி கட்டிக்கொண்டு நான்கு நாள் நடந்ததும் ஊருக்கே தெரிந்த கதைதான். வந்து சேர்ந்த அன்று கணுக்கால் எலும்பு எங்கேயிருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மாதா கோயில் எண்ணெயைத் தடவிவிட்டாள். நேர்த்திக்கடனில் வந்த வீக்கம். அதை நோயென்று சொல்வதே பாவம் என்றிருந்தாள்.

திருவிழாக் கொடி இறங்கி இருபது நாளாகிவிட்டது. வீக்கம் இறங்கவில்லை.

அன்று புதன்கிழமை. மறுநாள் காலை எட்டு மணிக்கு மெட்ராஸில் ரெமிஜியஸுக்கு மெடிக்கல், கத்தார்க்காரர்கள் கேட்கிற உடல் பரிசோதனை. சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.

வெளிநாட்டுக்குக் கிளம்புவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை குவைத்துக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தான். அங்கே சண்டை மூண்டுவிட்டது. இரண்டாவது தடவை துபாய். அந்த ஏஜெண்டைக் கடைசியாகப் பார்த்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. இப்போது இருபத்தேழு வயது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் ஃபிளோரா வீட்டில், மெடிக்கல் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். மெடிக்கலில் தேறாவிட்டால் என்ன என்பதை அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

தங்கை ஜாய்ஸ் அன்று காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாகப்பட்டினத்தில் யூனுஸ் என்பவர் நடத்துகிற லேபில் மூன்று வருஷமாக ரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற வேலை. தலையைப் பின்னிக்கொண்டே கொல்லைப்பக்கம் வந்தவள் நின்றுவிட்டாள்.

ரெமிஜியஸ் அடிபம்புக்குப் பக்கத்தில் குந்தி முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடிக்குள் தெரிந்த முகம் அவள் அண்ணன் முகம் மாதிரி இல்லை. இமைகள் உப்பிக் கண்ணைப் பாதி மூடியிருந்தன. கன்னம் தளும்பியது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரெத்தினம் அத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னடா ரெமி, கத்தாரு சோறு திங்கிறதுக்கு முன்னாடியே கத்தார்க்காரன் கணக்கா ஆயிட்டே?"

"அட்வான்ஸா அனுப்பி வச்சிருக்காங்க அத்தை."

"மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு செபஸ்தி. புள்ளைக்குச் சுத்திப் போடு."

அடுப்படியிலிருந்து செபஸ்தியம்மாளின் குரல் பெருமையாக வந்தது. "கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமா ஒரு மாசமா போட்டுக்கிட்டிருக்கேன். அங்க போனா யாரு போடப் போறா?"

ஜாய்ஸ் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருபது நாளாக அவன் வீட்டிலும் பேண்ட்தான் போட்டிருக்கிறான். கேட்டால், பழகிக்கிறேன் என்பான். கைலி கட்டாத ரெமிஜியஸை அந்த ஊரில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, காலைக் காட்டு."

"காலைத் தொட்டுக் கும்பிடப் போறியா?"

"காட்டுண்ணே."

பதிலுக்குக் காத்திராமல் பேண்டைத் தூக்கினாள். கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் மீது பெருவிரலை வைத்து அழுத்தினாள். மனதுக்குள் பத்து எண்ணினாள். எடுத்தாள்.

விரல் இருந்த இடத்தில் குழி இருந்தது. களிமண்ணில் பதித்த மாதிரி, ரேகை தெரியாத குறைதான். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அது நிரம்பவில்லை. ரெமிஜியஸ் கண்ணாடியை எடுத்துத் துடைத்தான். சோப்பு நுரையைக் கழுவினான். அப்போதும் குழி அப்படியே இருந்தது.

"நடந்த வீக்கம்தானே," என்றான், அவளைப் பார்க்காமல்.

"இருபது நாளுக்கா?"

"நான் மெதுவா நடந்தேன். அதான் மெதுவாப் போகுது."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து மூடி போட்ட குப்பியொன்றை எடுத்து நீட்டினாள். "இதுல புடிச்சுக் குடு."

"எதுக்கு?"

"நாளைக்கு எப்படியும் கேப்பாங்க. முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே."

ரெமிஜியஸ் குப்பியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரி இருந்தது. பிறகு குப்பியை வாங்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனான். திரும்பி வந்து கொடுக்கும்போது, "கத்தார் ஷேக்குக்கே குடுக்கப் போறேன், தங்கச்சி கேட்டா மாட்டேனா," என்றான்.

குப்பியின் கழுத்துவரைக்கும் நுரை நின்றது.

*

லேப் சின்னதுதான். ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஸ்பிரிட் விளக்கு, சுவரில் மக்கா படமும் காலண்டர் மாதாவும் பக்கம் பக்கமாக. மாதா படம் ஜாய்ஸ் மாட்டியது. யூனுஸ் அதற்கு ஆணி அடித்துக் கொடுத்தவர்.

அவர் வருவதற்கு முன்பே அவள் சோதனைக் குழாயில் பாதியை ஊற்றி விளக்கில் காட்டினாள். மீதிப் பாதி குப்பியிலேயே இருந்தது. இந்தச் சோதனையை அவள் ஆயிரம் தடவை செய்திருப்பாள். நல்ல சிறுநீர் கொதித்தாலும் தெளிவாகவே இருக்கும். உடம்பில் தங்க வேண்டிய சத்து சிறுநீரகத்தின் வழியாக ஒழுகிப் போனால், சூடு பட்ட இடத்தில் லேசாகப் புகை படிந்த மாதிரி வெளுக்கும். அதற்கு ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று எழுதுவாள்.

அண்ணனுடையது வெளுக்கவில்லை. உறைந்தது. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி குழாயின் மேற்பாதி கட்டியாகிவிட்டது. அவள் குழாயைக் கவிழ்த்தாள். அது விழவில்லை.

"யாருதும்மா இது?"

யூனுஸ் வாசலில் நின்றிருந்தார்.

"ஒரு பேஷண்டுதுண்ணே."

"பேரு எழுதலையே." குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவரும் ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்தார். "ரெமி இன்னிக்குத்தானே மெட்ராஸ் போறான்?"

ஜாய்ஸ் விளக்கை அணைக்கப் போனாள். அதன் மூடியைத் தேடி மேசையில் இரண்டு தடவை தடவினாள்.

யூனுஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க அக்கா மாப்பிள்ளை சவூதிக்குப் போனாரும்மா. போறப்பவே காலு இப்படித்தான் இருந்துச்சு. உப்புத் தண்ணி ஒத்துக்கலன்னாரு, சூ கடிக்குதுன்னாரு. நாங்களும் நம்புனோம். பதினோரு மாசம். நாகூர்ல வண்டியிலேர்ந்து அவரு இருந்த பெட்டியை இறக்குறதுக்கு எட்டு ஆளு வேண்டியிருந்துச்சு." குழாயை மெதுவாகத் தாங்கியில் வைத்தார். "ஒல்லியான மனுஷன்மா அவரு."

மாடியில் டாக்டர் குஞ்சிதபாதத்தின் கிளினிக். யூனுஸே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குழாயைப் பார்த்தார்.

"வயசு?"

"இருபத்தேழு டாக்டர்."

"என்ன வேலை?"

"வெல்டர்."

"எங்க?"

"கத்தார்ல. போகப் போறாரு. நாளைக்கு மெடிக்கல்."

டாக்டர் பேனாவை மூடினார். "நாளைக்கு மெடிக்கல்ல விழுந்தான்னா அவனுக்கு ஆயுசு கெட்டின்னு அர்த்தம். தேறிட்டான்னாத்தான் பயப்படணும்."

ஜாய்ஸ் யூனுஸைப் பார்த்தாள்.

"கேளும்மா. கிட்னி இன்னும் சாகல. சல்லடை மாதிரி ஓட்டை விழுந்து ஒழுகுது, அவ்வளவுதான். இப்பப் புடிச்சா மாத்திரையிலேயே சரியாகுறதுக்கு வழி இருக்கு. ஆறு மாசம், எட்டு மாசம் ஆகும். உப்பு ஒரு கல்லு கூடாது. அந்தப் பாலைவனத்து வெயில்ல, வெல்டிங் நெருப்புக்கு முன்னாடி நின்னு, வலிக்குதுன்னு கண்ட மாத்திரையையும் முழுங்கிக்கிட்டு..." கையை விரித்தார். "ஒரு வருஷங்கூட நான் சொல்ல மாட்டேன்."

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நாளைக்கே சேர்த்துவிடச் சொன்னார். மடித்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். ஒரு கல்லு உப்பு. ஒரு மாதமாக வீட்டில் கருவாடு.

*

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது ரெமிஜியஸ் இல்லை. முடிவெட்டப் போயிருந்தான். அடுப்படியில் அம்மாவும் இல்லை. கொல்லைப்பக்கக் கதவு சாத்தியிருந்தது. பகலில் அந்தக் கதவைச் சாத்துகிற வழக்கமே அந்த வீட்டில் கிடையாது.

திறந்தாள்.

செபஸ்தியம்மாள் மூன்று கல் கூட்டிப் பானை வைத்து எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கட்டுச் செடி. முள்ளும் ஊதாப் பூவும். வாய்க்கால் ஓரத்தில், வயல் வரப்பில், தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் முளைக்கிற செடி. அதன் பெயர் அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதை எதற்காகக் காய்ச்சுவார்கள் என்பதும் தெரியும்.

"நீர்முள்ளியாம்மா?"

செபஸ்தியம்மாள் அகப்பையை விடவில்லை. "நடந்த அலுப்புக்கு."

"நடந்த அலுப்புக்கு யாரும் நீர்முள்ளி காய்ச்சுறதில்ல. உடம்புல நீர் கோத்துக்கிட்டாத்தான் காய்ச்சுவாங்க." ஜாய்ஸின் குரல் அவளையும் அறியாமல் தாழ்ந்தது. "எத்தனை நாளாக் குடுக்குறே?"

பானைக்குள் கஷாயம் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது.

"எத்தனை நாளா?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

நடைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே. ஜாய்ஸ் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். காவி கட்டி அவன் கிளம்பியபோதே அம்மாவுக்குத் தெரியும். நடந்து வந்தால் வீக்கத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும் என்றுதான் நடக்க விட்டாளா? அந்த எண்ணம் வந்தவுடனே அதைத் தள்ளினாள். தள்ளத் தள்ள அது அங்கேயே நின்றது.

"டாக்டர் சொல்லிட்டாரும்மா. கிட்னி ஒழுகுது. கத்தார் போனா ஒரு வருஷம்..."

"வாயை மூடு."

செபஸ்தியம்மாள் எழுந்து நின்றாள். சாதாரணமாக அதட்டுகிற அம்மா இல்லை அது. முகம் சாம்பலாக இருந்தது.

"உங்கப்பனுக்கும் இப்படித்தான் சொன்னாங்க. நல்லா ஏரு ஓட்டிக்கிட்டிருந்த மனுஷன். காலு வீங்குது, என்னான்னு பாப்போம்னு போனோம். இன்ன நோவுன்னு ஒரு டாக்டரு சொன்னான். சொன்ன அன்னிக்குப் படுத்தாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல. நாப்பத்தோரு நாளு. அது வரைக்கும் அது வெறும் வீக்கம்டி. பேரு வச்சதுக்கு அப்புறந்தான் அது ஆளைக் கொன்னுச்சு."

"அது அப்பவே முத்திப்போயிருந்துச்சும்மா. அண்ணனுக்கு இப்பத்தான்..."

"என் புள்ளைக்குப் பேரு வைக்காத ஜாய்சு."

கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. ரெமிஜியஸ் முடிவெட்டின தலையோடு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. வந்து, பானைக்குப் பக்கத்தில் கிடந்த மணையில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து மெதுவாகத்தான் உட்கார முடிந்தது.

"எத்தனை பிளஸ்?" என்றான்.

ஜாய்ஸ் திகைத்தாள். "உனக்குத் தெரியுமா?"

"நடை வர்றப்ப திருவாரூர்ல ஒரு முகாம் போட்டிருந்தாங்க. கொப்புளத்துக்கு மருந்து போட்ட டாக்டரம்மா காலை அமுக்கிப் பாத்துட்டு, ஒண்ணுக்குப் போனா நுரைக்குதான்னு கேட்டுச்சு. இல்லைன்னு சொல்லிட்டேன்." நெருப்புக்குள் ஒரு முள்ளைத் தள்ளினான். "நீ குப்பி குடுத்தப்ப, சரி, பொய்யா இருந்தாலும் இருக்கும்னு நெனச்சேன்."

"அப்ப போகாத அண்ணே. தஞ்சாவூருக்கு லெட்டர் குடுத்திருக்காரு. ஆறு மாசம்..."

"ஆறு மாசத்துல விசா என்னாகும்?"

"வேற விசா வரும்."

"எனக்கா?" லேசாகச் சிரித்தான். உப்பிய கன்னத்தில் சிரிப்பு சரியாக விழவில்லை. "ரெண்டு வருஷம் ஜாய்சு. ரெண்டே வருஷம். தண்ணி வராத ஆத்தைப் பாத்துக்கிட்டு எத்தனை வருஷம் உக்காந்திருக்கேன்? ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வந்து நீ சொல்ற ஆஸ்பத்திரியில படுக்குறேன். சத்தியம்."

"ரெண்டு வருஷம் இருக்கணுமே."

செபஸ்தியம்மாள் கஷாயத்தை டம்ளரில் வடித்து மகன் கையில் கொடுத்தாள். அவன் முகம் சுளிக்காமல் குடித்தான். பழகியிருந்தது.

பிறகு செபஸ்தியம்மாள் மகளுக்கு எதிரே வந்து நின்றாள். குரல் இப்போது தணிந்திருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

"உன்னோடது நல்லாத்தானே இருக்கு?"

"என்னோடது என்ன?"

"அங்க குப்பி குடுத்துத் தனியா ரூமுக்குள்ள அனுப்புவாங்களாம். யாரு பாக்கப் போறா. இடுப்புல ஒரு குப்பியைக் கட்டிக்கிட்டுப் போயி மாத்தி ஊத்திக் குடுத்தவன் இந்த ஊருலயே ரெண்டு பேரு இருக்கான். நீ படிச்சவ. கெடாம எப்படிக் குடுத்தனுப்பணும்னு உனக்குத் தெரியும். உன்னோடதைக் குடு."

"காலு?"

"ராத்திரி தலைகாணி வச்சுக் காலை மேல தூக்கிப் போட்டுப் படுத்தா காலையில வத்திடுது," என்றான் ரெமிஜியஸ், தரையைப் பார்த்தபடி. "மொகந்தான் உப்பும். மொகம் உப்புனா சதை போட்டிருக்கான்னு நெனச்சுக்குவாங்க. ரெத்தினம் அத்தை நெனைக்கல?"

எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்கள். அவளைத் தவிர வேறு எதுவும் பாக்கியில்லை.

ஜாய்ஸ் அம்மாவைப் பார்த்தாள். அண்ணன் காலைப் பார்த்தாள். லேபில் குப்பியின் அடியில் இன்னும் பாதி மிச்சமிருப்பது நினைவுக்கு வந்தது.

"சரி," என்றாள்.

ரெமிஜியஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"லேபுல நல்ல குப்பி இருக்கு. காத்துப் புகாம அடைச்சு, பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டாந்து தர்றேன். அஞ்சு மணிக்கு."

அவளைக் குறை சொல்லாதீர்கள். இருபத்துமூன்று வயதுதான். அண்ணனுடைய சிறுநீரையே அண்ணனிடம் கொடுத்தனுப்பினால், நாளைக் காலை மெட்ராஸில் எவனோ ஒருத்தன் அதை விளக்கில் காட்டுவான். உறையும். தகுதியில்லை என்று முத்திரை குத்துவான். விசா போகும். ஃபிளோராவும் போகலாம். அண்ணன் ஆயுசுக்கும் அவள் முகத்தில் விழிக்க மாட்டான்.

ஆனால் விழிக்காமல் இருப்பதற்காவது அவன் இருப்பான்.

*

நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் கருவாட்டு மூட்டையும் பூக்கூடையும் டீக்கடைப் புகையுமாகக் கூட்டம் நெரித்தது. மெட்ராஸ் பஸ் என்ஜினை உறுமவிட்டு நின்றிருந்தது. ரெமிஜியஸ் புதுச் சட்டையில் இருந்தான். சூவின் நாடாவைக் கட்ட முடியாமல் உள்ளே திணித்து விட்டிருந்தான். செபஸ்தியம்மாள் ஒரு கையில் சோற்றுப் பொட்டலமும் இன்னொரு கையில் துணிப்பையுமாக நின்றாள். அவனுடைய சிநேகிதன் தங்கையனும் வந்திருந்தான். மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டவன் அவன்தான். ஊரிலேயே நல்ல திடகாத்திரமான ஆள், கபடிக்காரன்.

ஜாய்ஸ் பேப்பரில் சுற்றிய குப்பியை நீட்டினாள்.

"கெடாதுல்ல?" என்றான் ரெமிஜியஸ்.

"கெடாது."

"தேங்க்ஸ் ஜாய்சு."

அவன் அதை வாங்கி ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தான். எடை பார்க்கிற மாதிரி. பிறகு அவள் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டான். சின்ன வயதில் அப்பா செய்வது மாதிரி. வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று பயந்து, தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதாகக் கடைப்பக்கம் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் பஸ் நகரத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பாட்டிலைக் கொடுத்தாள். ரெமிஜியஸ் வாங்கிக்கொண்டான். அவனுக்குப் பக்கத்து இருக்கையில் தங்கையன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு ரெக்ஸின் பை.

பஸ் திரும்பி சாலைக்குப் போயிற்று.

"தங்கையன் எதுக்கும்மா போறான்?"

செபஸ்தியம்மாள் துணிப்பைக்குள் கையை விட்டாள். பேப்பர் சுற்றிய குப்பி வெளியே வந்தது. பேப்பர்கூடப் பிரிக்கவில்லை.

"இதை உங்கிட்டயே குடுத்துடச் சொன்னான்."

ஜாய்ஸ் குப்பியை வாங்கவில்லை.

"தங்கையன் கூட இருந்து அங்கயே புதுசாக் குடுப்பான். நீ லேபுக்குப் போன பின்னாடி ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க போல. எனக்கே இப்பத்தான் தெரியும்." செபஸ்தியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஜாய்சு சரின்னு சொன்னது சரியில்லம்மா, ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தா நம்பியிருப்பேன்னான். இதுல என்னடி வச்சிருக்கே?"

"அவனோடதைத்தான்."

அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். செபஸ்தியம்மாள் அடிக்கவில்லை. பேப்பரைப் பிரித்துக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே நுரை இன்னும் அடங்கவில்லை.

நாளை எட்டு மணி. தங்கையனுடையது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். தகுதி என்று முத்திரை விழும். இருபதே நாளில் பிளேன். டாக்டர் சொன்னது அவள் மண்டைக்குள் ஓடியது. தேறிவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

ஜாய்ஸ் தோள்பையைத் தொட்டுப் பார்த்தாள். தஞ்சாவூர்க் கடிதம் இருந்தது. மெட்ராஸ் விலாசம் அவளுக்கு மனப்பாடம். அண்ணனுடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவளே அவள்தான்.

"அடுத்த மெட்ராஸ் பஸ் எப்பங்க?" என்று டைம் ஆபீஸ் ஜன்னலில் கேட்டாள்.

"ஏழு மணிக்கு. அதோ நிக்குது பாரு."

"ஜாய்சு." செபஸ்தியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "தஞ்சாவூரைத் தாண்டித் தனியாப் போனவளா நீ? எங்க போறே?"

"அங்க போயி டாக்டர்கிட்ட லெட்டரைக் காட்டுவேன். காலை அமுக்கிப் பாருங்கன்னு சொல்லுவேன்."

"எல்லாரு முன்னாடியும் அவனைக் காட்டிக் குடுப்பியா? செத்தாலும் உன்னைத் தங்கச்சின்னு சொல்ல மாட்டான்டி அவன்."

"செத்தா எப்படிம்மா சொல்லுவான்?"

பிடி தளர்ந்தது. ஜாய்ஸ் கையை உருவிக்கொண்டு நடந்தாள். பின்னால் காலடி கேட்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரியும்.

பஸ் பாதிதான் நிரம்பியிருந்தது. நடுவில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே விளக்குகள் எரியத் தொடங்கின. கண்டக்டர் டிக்கெட் பையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"மெட்ராஸா? ஒரு ஆளா?"

"ஒண்ணு" என்று அவள் வாயெடுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு."

செபஸ்தியம்மாள் மூச்சிரைக்க நின்றிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவளே பணம் கொடுத்தாள். துணிப்பையை மடியில் வைத்து, முழங்காலை முன்னிருக்கையில் முட்டுக் கொடுத்து, மகளுக்கும் நடைபாதைக்கும் நடுவே உட்கார்ந்தாள். இனி அவளைத் தாண்டாமல் ஜாய்ஸ் எழுந்து போக முடியாது.

பஸ் கிளம்பியது. நாகூர் கடந்தது. வெட்டாற்றுப் பாலத்தில் சக்கரம் தடதடத்தபோது ஜாய்ஸ் கேட்டாள்.

"நீ எதுக்கும்மா வர்றே?"

செபஸ்தியம்மாள் இரண்டு டிக்கெட்டையும் ஒன்றாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கடிதம் இருந்த மகளின் தோள்பையை மெதுவாக எடுத்துத் தன் மடியில், துணிப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசாமத் தூங்கு," என்றாள். "மெட்ராஸ் வந்தா நான் எழுப்புறேன்."